யார் முகமும் தெரியாத வகுப்பு

“குட் ஈவினிங் மேம்!” என்று ஏதோ ஒரு பையனின் குரல் கேட்டதுதான் தாமதம், சென்னகிருஷ்ணன் மகளின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி டேப்லெட்டின் மூடியைப் பட்டென்று சாத்தினான். சுப்ரியாவின் விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. விரலை உருவி வாயில் வைத்துக்கொண்டாள்.

“பசங்கெல்லாம் இருக்கறானுங்க, இது இன்னா கிளாசு?”

“டெமோதாங்க அது. சும்மா பாக்கறதுக்குக் குடுத்தது” என்றாள் சரிதா. களி கிண்டிய கை, துடைக்காமல் அப்படியே இருந்தது.

“பாத்தாச்சில்ல. இது வாணாம். வேற பாரு.”

இது மூன்றாவது வகுப்பு. முதலாவதில் டீச்சர் பேசிய இங்கிலீஷ் ஒருவருக்கும் புரியவில்லை. இரண்டாவதில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆம்பளை. அவருக்கு அறுபது வயதிருக்கும், தலையெல்லாம் நரை. ஆனாலும் ஆம்பளை ஆம்பளைதான் என்று சென்னகிருஷ்ணன் சொல்லிவிட்டான்.

பாகலூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. பாதியில் பிளாஸ்டிக் கூடாரமாகப் பாலிஹவுஸ் போட்டு ரோஜா வைத்திருந்தார்கள். பூவெல்லாம் பெங்களூருக்குப் போகும். பிள்ளை ஒன்றே ஒன்றுதான், சுப்ரியா. ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்வரை அரசுப் பள்ளியில் படித்தாள். அறிவியலில் எப்போதும் அவள்தான் முதல்.

அந்த அறிவியலே வினையாய் வந்தது. பள்ளிக் கண்காட்சிக்கு இரண்டிரண்டு பேராகச் சேர்த்து டீச்சர் வேலை பிரித்துக்கொடுத்தார். சுப்ரியாவுக்கு வந்தது மனித இதயம். கூடச் சேர்ந்தவன் காலனியிலிருந்து வரும் ஹரீஷ்குமார். அவன் வரைவதில் கெட்டிக்காரன். இவள் பாகங்களின் பெயரெழுதினாள். நான்கு அறைகளும் ரத்தக் குழாய்களுமாகப் பெரிய சிவப்பு இதயம். அதன் கீழே, டீச்சர் சொன்னபடி, “சுப்ரியா, ஹரீஷ்குமார், 9-ஆ” என்று எழுதினார்கள்.

கண்காட்சி பார்க்கப் போன பங்காளி வீட்டுக்காரன் ஒருவன் அதைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். படத்தில் மகாதமனி, வலது ஆரிக்கிள் என்று எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை. இதயத்தையும் இரண்டு பெயரையும் மட்டும் பார்த்தார்கள். காலனிப் பையன் என்பது தெரிந்ததும் போன் மேல் போன் வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரமே சென்னகிருஷ்ணன் போய் மகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

ஊர் கேட்குமே, அதற்கு என்ன சொல்வது? அதற்கு ஒரு வார்த்தை பெங்களூரில் கிடைத்தது. அவனிடம் பூ வாங்கும் பெரிய வீட்டில் இரண்டு பிள்ளைகள். இரண்டும் பள்ளிக்கூடமே போவதில்லையாம், வீட்டிலிருந்தே படிப்பாம். “ஹோம் ஸ்கூல்” என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னாள். இவனும் ஊரில் வந்து அதையே சொன்னான்.

“பாப்பாவ ஓம் ஸ்கூல்ல போட்டுட்டன்.”

“அது எங்க கீது, ஓசூர்லயா?” என்று கேட்டவர்களும் உண்டு.

புருஷன் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்கிறான் என்று சரிதாவுக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வெளியே போகக்கூடாது என்பதுதானே இவர்களுக்கு வேண்டியது? போகாமலே படிக்க வைத்துவிட்டால்? காலையில் பாலிஹவுஸில், ரோஜா விரியாமலிருக்க மொட்டு மொட்டாய் வலைத்தொப்பி மாட்டும்போதே போனை நோண்டுவாள். எட்டாவதோடு நின்றவள், ஒவ்வொரு விளம்பரத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எந்த வகுப்பில் நேரடியாகப் பாடம், எதில் முன்னமே எடுத்து வைத்த வீடியோ, எதில் சந்தேகம் கேட்கலாம், எது தமிழ், எதன் முடிவில் பரீட்சை. சுப்ரியாவின் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் குறித்து வைத்தாள்.

ஒருநாள் அவளுக்கே போன் வந்தது. ரஞ்சிதா என்று ஒரு பெண், ஒரு ஆன்லைன் வகுப்பிலிருந்து.

“மேடம், பாப்பா எதுக்காக வீட்ல இருந்து படிக்கிறாங்கன்னு தெரிஞ்சிக்கலாமா? உடம்புக்கு ஏதாவது...?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க.”

“வெளையாட்டு, டான்ஸ் அந்த மாதிரி டிரெயினிங் போறாங்களா?”

“இல்லீங்க. ஊட்ட உட்டு அனுப்ப மாட்டேங்கறாங்க” என்றாள் சரிதா. ரஞ்சிதாவின் குரல் தணிந்தது. “புரியுதுக்கா. எங்ககிட்ட பொண்ணுங்களுக்குன்னே ஒரு பேட்ச் இருக்கு. சாயங்காலம் லைவ் கிளாஸ், எல்லாம் லேடி டீச்சர்ஸ். டவுட் அப்பவே கேட்டுக்கலாம். ஏப்ரல்ல திறந்தநிலைப் பள்ளி மூலமா பத்தாவது எழுதிடலாம். கிருஷ்ணகிரியில சென்டர் இருக்கு, அஞ்சே நாள்தான் வெளிய போகணும். டி.சி.யும் ஆதாரும் மட்டும் ரெடியா வச்சிக்குங்க.”

சரிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தான் சொன்னால் புருஷன் கேட்கமாட்டான். நாலு இடம் தெரிந்த ஆண்பிள்ளை எடுத்துச் சொல்ல வேண்டும். அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தவன் கூடப் பிறந்த தம்பி மோகன்குமார். சொந்த ஊர் குருபரப்பள்ளி, ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இருபத்தாறு வயது, அதிர்ந்து பேசமாட்டான்.

கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையே வந்தான். சுப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு வகுப்பு, அந்தப் பக்கம் ஒரு வகுப்பு என்று எழுதி ஒப்பிட்டான்.

“மாமா, இதுல பிராக்டிகல் எப்படி மாமா பண்றது?”

“வீடியோல காட்டுவாங்க. அமிலத்த நீ மூஞ்சில ஊத்திக்க வேண்டியதில்ல, அந்த மட்டுக்கும் லாபம்.”

சுப்ரியா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சரிதா அடுப்படியில் தம்பிக்கென்று கோழி அடித்துக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு, இனி கவலையில்லை என்றுகூட நினைத்துவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் மோகன்குமார் சென்னகிருஷ்ணனிடம் நோட்டைக் காட்டினான்.

“இதுதான் மாமா சரிப்படும். எல்லாம் ரெக்கார்ட் பண்ண வீடியோ. யார் மூஞ்சியும் தெரியாது, இவ மூஞ்சியும் யாருக்கும் தெரியாது. ஸ்போக்கன் இங்கிலீசு, கொஞ்சம் கம்ப்யூட்டர், தையலு. பரீட்சயெல்லாம் கெடையாது. நாலு மாசத்துல முடிஞ்சிடும்.”

“அது போதும்” என்றான் சென்னகிருஷ்ணன்.

சுப்ரியா ஒன்றும் புரியாமல் மாமனைப் பார்த்தாள். “நீதான மாமா அந்தப் பொண்ணுங்க பேட்ச்சு நல்லாருக்குதுன்ன?” என்று கேட்டாள். அவன் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தான்.

பைக்கை எடுக்கும்போது சரிதா பின்னாலேயே போய் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏன்டா, ஒன்ன எதுக்குக் கூப்ட்டன் நானு? பத்தாவது எழுத வெக்கறதுக்கு வழி சொல்லுன்னா, தையல் கிளாசு பாத்துக் குடுத்துட்டுப் போற?”

“அக்கா, மாமா ஒங்கிட்ட ஒண்ணும் சொல்லலயா? அம்மாவும் போன் பண்ணலயா?”

“இன்னாத்தச் சொல்லணும்?”

அவன் ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தை மாசம் வெச்சிக்கலாம்னு பேசி முடிச்சிட்டாங்க. எனக்கும் சுப்ரியாவுக்கும்.”

சரிதாவுக்கு முதலில் காதில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. இவன் பிறந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் அவள். அவள் மகளை அவன் தூக்கிக்கொண்டு திரிந்தான்.

“டேய், அவளுக்குப் பதினஞ்சு கூட ஆவல.”

“தெரியும்கா. அந்தப் போட்டோ எங்க ஊர் வரைக்கும் வந்துடுச்சி. வெளிய எவன் வந்து கேப்பான் சொல்லு? நான் அவள நல்லா வெச்சிக்குவன்கா. கல்யாணத்துக்கு அப்பறம் படிக்கட்டும், நானே படிக்க வெக்கறன்.”

“இப்பப் படிக்க வெக்க மனசு வராதவனுக்கு அப்பறம் வந்துடுமா?”

அவன் தலையைத் தூக்காமலே, “நானே ஐ.டி.ஐ.தான்கா. அவ பத்து முடிப்பா, பன்னண்டு முடிப்பா, காலேஜ் போவா. அப்பறம் என்ன எங்க மதிக்கப் போறா?” என்றான்.

பொய் சொல்லத் தெரியாத தம்பி. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள்.

புருஷனிடம் சண்டை போட்டுப் பார்த்தாள். இரண்டு வேளை அடுப்புப் பற்ற வைக்கவில்லை. சென்னகிருஷ்ணன் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. “ஒன் தம்பிக்குத்தான குடுக்கறன்? ரோட்ல போறவனுக்கா குடுக்கறன்? நீ இன்னா வயசுல வந்தன்னு கொஞ்சம் நெனச்சிப் பாரு” என்றான். அவள் வந்தது பதினாறில். அம்மாவுக்குப் போன் செய்தாள். அம்மா அழுதுகொண்டே, “மானம் போறதுக்கு இது மேலுடி” என்றாள். மகளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தாள். கடைசியில் சொன்னபோது சுப்ரியா, “மாமாவையா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு மோகன்குமார் போன் செய்தால் எடுப்பதில்லை.

அந்த நாலு மாத வகுப்பு ஓட ஆரம்பித்தது. திரையில் ஒரு பெண் சிரித்தபடி, “வாட் ஈஸ் யுவர் நேம்?” என்று கேட்பாள். பதில் சொல்ல மூன்று விநாடி விடுவாள். பிறகு “வெரி குட்!” என்பாள். முதல் இரண்டு நாள் சுப்ரியா பதில் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லாமல் இருந்து பார்த்தாள். அப்போதும் அந்தப் பெண், “வெரி குட்!” என்றாள். அதன்பிறகு வீடியோ பாட்டுக்கு ஓடும். சுப்ரியா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சரிதாவுக்கு இன்னும் ஒரு வழி பாக்கியிருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வருஷா வருஷம் டீச்சர்கள் வீடு வீடாக வருவார்கள். பள்ளியில் சத்துணவு சமைக்கும் பெண்ணிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்பினாள்: “எங்க ஊட்டுக்கு மட்டும் மறக்காம வரச் சொல்லுக்கா.”

கார்த்திகையில் ஒரு மத்தியானம் வந்தார்கள். பள்ளியிலிருந்து பூங்கொடி டீச்சரும் கூட ஒருத்தரும். அன்றைக்கென்று பார்த்து சென்னகிருஷ்ணன் வீட்டில் இருந்தான். முகம் சுளிக்காமல் நாற்காலி எடுத்துப் போட்டான்.

“பொண்ணு ஏன் ஸ்கூலுக்கு வரல?”

“ஓம் ஸ்கூல் டீச்சர். ஆன்லைன்ல படிச்சிக்கினு இருக்குது. வாங்க, நீங்களே பாருங்க.”

கதவைத் திறந்து காட்டினான். உள்ளே டேப்லெட்டில் வகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நோட்டும் பேனாவுமாகச் சுப்ரியா. டீச்சரின் முகம் தெளிந்தது. மத்தியான வெயிலில் இன்னும் முப்பது வீடு அவருக்குப் பாக்கி. பதிவேட்டைத் திறந்து இடைநின்ற பிள்ளைகளின் பட்டியலைத் தாண்டிப் போய், வேறொரு கட்டத்தில் “வீட்டுவழிக் கல்வி” என்று எழுதினார்.

சரிதா அந்த எழுத்தை எட்டிப் படித்தாள். ராப்பகலாக உட்கார்ந்து தேடி, எப்படியாவது இந்த வீட்டுக்குள் ஒரு வகுப்பைக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அலைந்தவள் அவள்தான்.

“டீச்சர், அது பத்தாவது கிளாசு இல்லீங்க. பரீட்சயே கெடையாது அதுல. தை மாசம் இவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கறாங்க. பதினஞ்சு கூட ஆவலீங்க.”

சென்னகிருஷ்ணன் சிரித்தான். “அவ தம்பிதான் டீச்சர். மொறப் பையன். பேச்சுக்குச் சொல்லி வெச்சிருக்கறோம், அவ்வளவுதான்.”

“சொந்தத் தம்பியா?” டீச்சர் பேனாவை நிறுத்தி சரிதாவை ஒரு பார்வை பார்த்தார். சொந்தத் தம்பிக்குப் பெண் கொடுக்க எந்த அக்காளுக்குக் கசக்கும் என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. “எதா இருந்தாலும் பதினெட்டு முடிஞ்சப்பறம் பண்ணுங்க. சரிங்களா?”

“அப்படியே ஆவட்டும் டீச்சர்.”

சுப்ரியா எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். டீச்சர் அவள் கன்னத்தைத் தட்டி, “நல்லா படிக்கணும், என்ன?” என்றார். சுப்ரியா அம்மாவைப் பார்த்தாள்.

டீச்சர் பதிவேட்டைத் திருப்பி சரிதாவிடம் நீட்டினார். “பெற்றோர் கையெழுத்து. இந்த எடத்துல போடும்மா.”

சரிதா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். “நான் போட மாட்டன்.”

“சும்மா கணக்குக்குத்தாம்மா.”

“பொய்க் கணக்குங்க அது. எம்பொண்ணு படிக்கல. நான் போட மாட்டன்.”

வெளியே வேப்பமரத்தடியில் நின்ற இன்னொரு டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கொடி டீச்சர் பெருமூச்சு விட்டு, பதிவேட்டைச் சென்னகிருஷ்ணன் பக்கம் திருப்பினார்.

“பரவால்ல விடும்மா. அப்பா கையெழுத்து ஒண்ணு இருந்தாலே போதும்.”