வேரில்லாத டாஃபடில்

தோட்டத்தில் ஒரு புல் தலைதூக்கினாலும் எம்லினுக்குச் சாப்பாடு இறங்காது. போன ஏப்ரலில், பூத்து ஓய்ந்த மஞ்சள் டாஃபடில் செடிகளின் தாள்கள் பச்சையாகச் சரிந்து கிடந்ததைப் பொறுக்காமல், மனைவி தெக்வென் சந்தைக்குப் போன நேரம் பார்த்து புல்வெட்டும் மெஷினை அவற்றின்மேல் ஓட்டிவிட்டார்.

தாள் குடிக்கிற வெயில்தான் கிழங்கில் சேர்ந்து மறுவருஷம் பூவாகும். யாரும் நீரூற்றாமல், உரமிடாமல், ஒன்று நாலாகி, நாலு நாற்பதாகி, வேல்ஸின் அத்தனை மழையையும் பனியையும் தாங்கி எழும் ஜீவன் அது. கண்டதையெல்லாம் மேயும் ஆடுகூட அதன் பக்கம் வாய் வைக்காது. ஊரில் பாதிப் பேரைவிட அதன்மேல்தான் தெக்வெனுக்கு மரியாதை.

இந்தப் பிப்ரவரியில் தாள் வந்தது, மொட்டு வரவில்லை. மார்ச் முதல் தேதி, வேல்ஸின் புனிதர் டேவிட் திருநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் குத்திக்கொள்ளும் பூ அவள் தோட்டத்திலிருந்துதான் போகும். இனி என்ன செய்வது? புருஷனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். தேநீர்க் கோப்பை மட்டும் அவர்முன் ணங்கென்று வந்து உட்கார்ந்தது.

திருநாளுக்கு முந்தின காலை ஜன்னலைத் திறந்தால், பாத்தி முழுக்க மஞ்சள்! ஓடிப்போய் ஒன்றைத் தொட்டாள். கையோடு வந்துவிட்டது. கடைப் பூ. அவளுடையது சின்னது, இதுவோ உள்ளங்கை அகலம்.

அதற்குள் பக்கத்து வீட்டு மென்னா சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "அடியே தெக்வென், ஒரே ராத்திரியில இவ்வளவு பூவா! எங்க வீட்டுல மொட்டே விரியலயே!"

எம்லின் காது சிவக்க வாசலில் நின்றார்.

"எல்லாம் இவர் கைராசி" என்றாள் தெக்வென்.

மென்னா போனதும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்யா, அளந்து அளந்து வரிசையா நட்டிருக்கியே, இது பூவா பட்டாளமா?"

"பேசிட்டல்ல. அது போதும் எனக்கு."

பிள்ளைகள் சட்டைக்குக் கடைப் பூவே போனது. அந்தக் கோடை முழுக்க மெஷின் பாத்தியை நெருங்கவில்லை. தாள்கள் பழுத்து, மட்கி, கண்ணை உறுத்தின. "மெஷின் செத்துப்போச்சா எம்லின்?" என்று தெருவே கேட்டது. "தாள் வெயில் சாப்பிடுது. நீ உன் வேலையப் பாரு" என்று பல்லைக் கடித்தார்.

அடுத்த பிப்ரவரியில், சேறு தெறித்த மண்ணைக் கீறிக்கொண்டு, தலை குனிந்த மொட்டுகள் வந்தன. பாதிக் கிழங்குகள் இன்னும் தேறவில்லை. விரிந்தது கொஞ்சம்தான். ஆனால் மழைக்காற்று அடித்துச் சாய்த்த மறுநிமிஷம் நிமிர்ந்தன. எம்லின் குடைகூட இல்லாமல் நின்று பார்த்தார். இவ்வளவு பொறுமையான ஒன்றை எப்படி வெட்டினோம் என்று அவருக்கே மனசு ஆறவில்லை.

மென்னா வந்தாள். "என்ன, இந்த வருஷம் இத்துனூண்டு? போன வருஷப் பூதான் பூ!"

வேண்டாம் என்று தெக்வென் கண்ணைக் காட்டினாள். எம்லின் கேட்கவில்லை.

"போன வருஷத்தது நான் கடையில வாங்கிக் குத்தி வச்சது, மென்னா. போய் ஊரெல்லாம் சொல்லிக்கோ. இத மட்டும் குறைச்சுப் பேசாத."