மறைவு: இன்று மாலை 6.10

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மழைநாளில் (மழையே இல்லை. விட்டுவிடலாம்.)

நான் ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். மடவார் வளாகம் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் காளீஸ்வரி அக்கா இன்று வரச் சொன்னார். டிசைன் செய்யும் கம்ப்யூட்டரில் விண்டோஸ், அச்சடிப்பதில் லினக்ஸ். பென் டிரைவோடு நடந்து அலுத்துவிட்டது, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர் வேண்டும் என்றார்.

2

ஃபோல்டர் தயாரானதும் சோதித்துப் பார்க்க ஒரு ஃபைல் வேண்டியிருந்தது. பசி வேறு. லினக்ஸில் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கான மாதிரி ஃபைல் ஒன்று கிடந்தது. கையில் சிக்கிய ஒரு பட்டாளத்துக்காரர் படத்தை அதில் போட்டுச் சேமித்தேன். (அந்தப் பட ஃபைலின் பெயர் 'வல்லரசு'. யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தேன். இந்த வரியை இரண்டு முறை அழித்தேன்.)

அக்கா தன் திரையில் திறந்தார். எல்லையில் இருக்கும் அவர் கணவர் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். சாவு போஸ்டர் அன்றைக்கே கேட்கிற வேலை. அதனால் 'மறைவு' என்ற இடத்தில் ஃபைல் உருவான நாளும் நேரமும் தானாக விழும்படி அக்கா அமைத்திருந்தார். இப்போது அங்கே இன்றைய தேதி, மாலை 6.10. சுவர்க் கடிகாரத்தில் பகல் 12.40.

லினக்ஸ் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, இரண்டும் நேரம் கணக்கிடும் விதம் வேறு, வேறொன்றும் இல்லை என்று விளக்கினேன். அத்தனையும் உண்மை. ஆனாலும் பயமாக இருந்தது.

3

இந்த இடத்தில் அக்காவை அழவைத்து எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அவர் என் கையை மௌஸிலிருந்து விலக்கினார், அவ்வளவுதான்.

"அழிக்காதீய தம்பி. அழிச்சா அவியளையும்லா சேத்து அழிக்கணும். தெனமும் ஆறு மணிக்குப் பேசுவாவ. அதுவரைக்கும் இங்கனயே இருங்க."

கடிகாரத்தைத் திருத்தவும் விடவில்லை.

4

முடிவு அ: ஆறு மணிக்கு ஃபோன் அடிக்கிறது.

முடிவு ஆ: ஆறு மணிக்கு ஃபோன்

(இதை நான் முடிக்க மாட்டேன்.)

5

சும்மா உட்கார முடியாமல் அக்காவின் விண்டோஸில் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி 6.08. அழைப்பு வரவில்லை. சிக்னல் கிடைத்திருக்காது என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

கதையைப் பொது ஃபோல்டரில் சேமித்தேன். லினக்ஸ் திரையில் இதன் நேரம் இரவு 11.38. அங்கே ஆறு பத்து எப்போதோ கடந்துவிட்டது. அவர் பேசினாரா இல்லையா என்பது அங்கே தெரிந்திருக்கும்.

உங்களுக்கும்தான். நீங்கள் இதைப் படிக்கும்போது ஆறு பத்து தாண்டியிருக்கும். யாரும் எழுதலாம் என்றுதான் அந்த ஃபோல்டரைத் திறந்து வைத்திருக்கிறேன்.

லினக்ஸ் திரையில் இந்தக் கதை ஃபைலின் அளவு மட்டும் கூடியிருக்கிறது. ஒரு வரி அளவுக்கு. அதை நான் எழுதவில்லை. நீங்கள்தான் எழுதியிருக்க வேண்டும்.

எனக்குத் திறக்கத் தைரியம் வரவில்லை. அக்கா ஃபோனைக் கையில் பிடித்தபடி எழுந்து அந்தத் திரைக்குப் போகிறார். யோசித்து எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.