கறுப்புத் தோலில் வெள்ளிப் பெயர்

விருது இளையவளுக்கு, அதற்கான பட்டயத்தை எழுத வேண்டியவள் மூத்தவள். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட இரண்டு மருமகள்களும் அலங்கார எழுத்துக்காரிகளாக வாய்த்தால் இப்படித்தான் ஆகும். பத்து வருஷமாக அந்த விருதுக்காகக் காத்திருந்தவளை விட்டுவிட்டு, நேற்றுப் பேனா பிடித்தவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“உங்க கையாலதான் வேணும்னு விருது வாங்குறவங்களே கேட்டாங்கம்மா,” என்றார் விருது தரும் எழுத்துக்கலைச் சங்கத்தின் தலைவர்.

“அதுக்கென்ன, எங்க வீட்டுப் பொண்ணாச்சே!” என்று மூத்தவள் சிரித்தாள். சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

ஆனாலும் வேலையில் உட்கார்ந்தபின் அவள் கைக்கு வஞ்சகம் தெரியாது. ஆட்டுத்தோல் தாளுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றி, சட்டத்தில் இழுத்துக் கட்டிக் காயவைத்தாள். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய பாணியில் ஓரமெங்கும் பொன் கொடி ஓடவிட்டாள். கொடிக்கு நடுவே குருவி. குருவியின் அலகில் பழம். அவள் வாழ்நாளில் செய்ததிலேயே அழகான வேலை அதுதான்.

இளையவளின் பெயரை மட்டும் அசல் வெள்ளியில் எழுதினாள். ஆகா, எவ்வளவு பெரிய மனசு என்று உருகிவிடாதீர்கள். காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுப்புத் தாளில் கறுத்த பெயர் யார் கண்ணுக்குத் தெரியும்? அது கறுக்காமலிருக்க மேலே முட்டை வெள்ளைக்கரு பூசுவார்கள். மூத்தவள் பூசவில்லை. பாழாகப்போகிற வேலையில் நம் பெயர் எதற்கென்று, வழக்கமாகக் கீழ்மூலையில் போடும் கையெழுத்தையும் போடவில்லை.

விழா முடிந்து, பட்டயம் அடுத்த தெருவில் இளையவள் தனிக்குடித்தனம் இருந்த வீட்டுக் கூடத்தில் தொங்கியது. அதன்பின் மூத்தவளுக்கு அந்தத் தெருவில் ஓயாத வேலை. குடை கேட்கப் போனாள். கத்தரிக்கோல் கேட்கப் போனாள். கேட்க ஒன்றுமில்லாத நாளில், “சும்மாதான் வந்தேன்,” என்று போனாள். கண் மட்டும் சுவரை விட்டு அகலாது. இரண்டு வருஷம் ஆயிற்று. பெயர் அரிசிமணி போல மின்னிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவள் அங்கே இருக்கும்போதே சங்கத் தலைவர் வந்தார். பட்டயத்தின்முன் வெகுநேரம் நின்றார்.

“பழைய பாணி வேலைக்கு இந்த வருஷம் தனி விருதும்மா. இதுக்கு ஈடா எதுவுமே வரல. ஆனா கையெழுத்து இல்லியே! ஒப்படைக்கும்போதே செஞ்சவங்க பேர் இருக்கணும்னு விதி.”

“நான் அப்பவே கேட்டேன், அக்கா, உங்க பேர் எங்கன்னு,” என்றாள் இளையவள். “இவங்களுக்குத் தன்னடக்கம் சார்!”

மூத்தவள் வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் மற்றொன்று கூடத்திலும் கிடந்தன.

“ஏங்க, அந்தக் கறுப்புப் பட்டயத்தைத் தொட்டீங்களா?”

“நான் பூசலைன்னா என்ன ஆயிருக்கும்?” என்றார் புருஷன், பேப்பரிலிருந்து தலை தூக்காமல். “நீ ரிப்பன் வாங்கப் போயிருந்தே. பார்த்தா, வெள்ளி மேல வெள்ளைக்கருவே இல்ல. நீ மறந்துட்டேன்னு நானே ரெண்டு கை பூசி வெச்சேன். உன் மானம் போயிருக்குமே!”

“சொல்லலையே?”

“சொன்னா, எனக்குத் தெரியாதான்னு சண்டைக்கு வருவே.”

அவள் வாசலில் கிடந்த செருப்பை எடுத்து வந்து மற்றதோடு ஜோடி சேர்த்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் முட்டை வாங்குவதில்லை. டாக்டர் சொன்னாராம்.