ஏழேகால் முகூர்த்தம்

காலை பத்து மணி ஆகாமல் என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதில்லை. பிரஷ்ஷைப் பிடிக்காது, குக்கர் மூடியைத் திருப்பாது, ரவிக்கைக் கொக்கி என்றால் கேட்கவே வேண்டாம். பதினாறு மாதமாக இந்தக் கூத்து. என் தம்பி அனந்தபத்மநாபனின் ஜாதகத்தைப் பார்த்த ஜோசியருக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு முகூர்த்தம் என்று குறித்துக் கொடுத்துவிட்டார்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவான். மீதி இரண்டையும் அவனுடைய அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பின்னால் நின்று போடவேண்டும். அனந்தனுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அம்மா போகும்போது அவனுக்கு ஒன்பது வயது. அவனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டியது, ஷூ லேஸ் கட்டியது, பரீட்சை அட்டையில் பேனாவைச் சொருகிக் கொடுத்தது எல்லாம் இந்தக் கைதான். முப்பத்து நாலு வயதுவரை பெண் பெண்ணாகப் பார்த்துத் தட்டிக்கழித்தவனுக்கு ஒருவழியாக ஷில்பாவைப் பிடித்துவிட்டது. அந்த இரண்டு முடிச்சையும் நான்தான் போடப்போகிறேன், இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேசுவதற்கென்றே ஒருவரைக் கட்டிக்கொண்டிருப்பது மறந்துபோனது.

என் கணவர் நாகேஸ்வரனுக்குத் தம்பானூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. ஆஸ்பத்திரி பில்லோடு வருகிறவர்களுக்கு உண்மையிலேயே நோய் இருந்ததா என்று காகிதத்தில் தேடுகிற உத்தியோகம். ஆள் எதிரே நின்று இருமினாலும் எக்ஸ்ரே எங்கே என்பார். என் ரத்தப் பரிசோதனையில் மூட்டுவாதம் இல்லை என்று வந்தது. சிலருக்கு ரத்தத்தில் காட்டாது, ஆனால் நோய் இருக்கும், மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த இவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

திங்கட்கிழமை குக்கர் மூடியில் ஆரம்பித்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன்.

"இன்னும் சாயா ஆகலியா?" என்று வந்தார்.

"கை வரலை."

"நேத்து ராத்திரி போன்ல அந்தச் சிரிப்பு சிரிச்சே. அப்பம் நல்லாத்தானே இருந்த?"

இதுதான் இந்த நோயின் அநியாயம். சாயங்காலமானால் மனுஷியாக விட்டுவிடும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சாயங்காலம்தான் பார்ப்பார்கள்.

"வேலை செய்யுகப்போ மட்டும் வருகிற நோயி. நல்ல நோயாக்கும்," என்றார்.

"ஒரு நாளு என் கைய வாங்கி மாட்டிப் பாருங்கோ. பொறவு நோயப்பத்திப் பேசலாம்."

அவர் மூடியை வாங்கி ஒரே திருப்பில் திறந்து மேடையில் வைத்துவிட்டு, "இவ்வளவுதானே," என்று சொல்லிக் குளிக்கப் போனார். அந்த 'இவ்வளவுதானே' அன்று முழுக்க என் மண்டைக்குள் ஓடியது. சாலை பஜாரை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு சாக்பீஸைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் சந்தோஷமாக எழுதினார்கள்.

செவ்வாயன்று முட்டியும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, நின்றால் தாங்கவில்லை. கரமனையில் எங்களுக்கு இருப்பது இரண்டு அறையும் ஒரு ஹாலும். அதற்குள் நடந்துகொண்டே இருந்தேன். டி.வி.யை மறைக்கிறேன் என்று ஒரு சண்டை. ஃபேனை நிறுத்தினேன் என்று இன்னொன்று. "ஒரு எடத்துல இரியேன் வடிவு, எனக்குத் தலைய சுத்துகு," என்றார். அப்படியானால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையிலேயே மூடிக்கொண்டார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

சாலை பஜாரில் மஞ்சள் சரடு ஒரு உருண்டை வாங்கி வந்திருந்தேன். சாயங்காலம் சாப்பாட்டு நாற்காலியின் முதுகில் கட்டிப் பார்த்தால் அழகாக முடிச்சு விழுந்தது. புதன்கிழமை காலை சரியாக ஏழேகாலுக்கு அதே நாற்காலியின் பின்னால் நின்றேன். சரடு விரலுக்குள் நிற்கவே இல்லை. நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவும் முடியவில்லை. காலால் தள்ளிக்கொண்டு சுவரோரம் போனேன்.

"கசேரிக்கா கல்யாணம்? மாப்பிள்ளை யாரு, மேசையா?" என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

நல்ல வேடிக்கைதான். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் திவ்யலட்சுமி போன் செய்தாள். என் பெரியப்பா மகள், கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை, கள்ளம் கபடம் தெரியாத பெண்.

"அக்கா, எந்த ஸாரி உடுத்தணும்? முடிச்சு நான்தான் போடணும்னு அத்தான் சொன்னாரே. போட்டோல எல்லாம் நல்லா விழும் அல்லே, அதாக்கும் கேட்டேன்."

பச்சை உடுத்து என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இவர் எனக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருக்கிறார். அனந்தனுக்குத் தெரியாமல் இது நடந்திருக்காது. அவனும் சரி என்றிருக்கிறான். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆறு மணிக்கு அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"நோயே இல்லைன்னு சொன்னீங்கோ. பின்ன எதுக்கு என் முடிச்சப் பிடுங்கி திவ்யாவுக்குக் குடுத்தீங்கோ?"

"நானூறு பேருக்கு முன்னால வச்சு நீ கைய ஒதறிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?"

"அப்பம் நோயி உண்டுன்னு ஒத்துக்கிடுகியளா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"நோயும் கிடையாது, முடிச்சும் கிடையாது. நல்ல தீர்ப்பு!"

எதிர் ஃப்ளாட் ஓமனா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவ்வளவு சத்தம். கல்யாணமான பத்தொன்பது வருஷத்துப் பாக்கியும் அன்று வெளியே வந்தது. அவருடைய அக்கா பேச்சு வந்தது, என் அப்பாவின் பிடிவாதம் வந்தது, குழந்தை இல்லாததுகூட வந்துவிட்டது. அதைச் சொன்னது நான்தான். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு மசாலா தோசைப் பொட்டலம் இருந்தது. ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டோ பிடித்து அனந்தன் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, நீ கஷ்டப்படாண்டாம்னுதான்..." என்று இழுத்தான்.

"கஷ்டப்படுகது நான். படவா வேண்டாமான்னு நான் சொல்லுகேன். என்கிட்ட கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேக்கணும்னு தோணலை அக்கா. தப்புதான். நீயே போடு," என்றான். திவ்யா விளக்குப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது, முடியவில்லை என்றால் நான் அவளிடம் சரட்டைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. கொடுக்கக்கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மழை. மழை என்றால் என் மூட்டுக்கெல்லாம் திருவிழா. ஒரு மாத்திரை போடவேண்டிய இடத்தில் இரண்டாகப் போடலாம் என்று மாத்திரைப் பட்டையை எடுத்தேன். அவர் பிடுங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார். அதை எட்டி எடுக்கத் தோளை உயர்த்த முடியவில்லை. "டாக்டர் எழுதினது ஒண்ணு. ஒண்ணுதான்," என்றார். எழுதியிருப்பதை மட்டும் எப்படி நம்புகிறார் பாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். ஏறுவதற்கு முட்டி இடம் கொடுக்கவில்லை. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். பட்டை இறங்கி வரவில்லை.

ஞாயிறு விடிவதற்குள் எழுந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். நீர் ஆற ஆறச் சூடாக்கினேன். எதிர் ஃப்ளாட்டுக்குப் போய் ஓமனாவைக் கொண்டு ரவிக்கைக் கொக்கியை மாட்டினேன். இவரிடம் கேட்கவில்லை. காரில் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

ஏழேகாலுக்குக் கெட்டிமேளம் முழங்கியது. அனந்தன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்பது வயதில் லேஸ் அவிழ்ந்தால் பார்ப்பானே, அதே பார்வை. திவ்யா விளக்கோடு பெண்ணின் பின்னலைத் தூக்கிப் பிடித்தாள். சரட்டை வாங்கினேன். அட்சதை தலையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு முனையை வளைத்தேன். மறுமுனை நழுவியது. மறுபடி எடுத்தேன். கட்டைவிரல் அடியிலிருந்து முழங்கைவரை ஊசி ஏற்றினதுபோல் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். இரண்டாவது முடிச்சு விழுந்தது.

மூன்றாவது விழவில்லை. அட்சதை வீசி முடித்துவிட்டார்கள். சும்மா இருந்த கைகளும் சும்மா இருந்த கண்களும் என் பக்கம் திரும்பின. திவ்யா பதற்றத்தோடு, "அக்கா, நான் போடட்டா?" என்றாள். என் விரல்கள் ஷில்பாவின் கழுத்தில் இடித்துக்கொண்டே இருந்தன. குனிந்த தலையை நிமிர்த்தாமல் அவள் மெதுவாகச் சொன்னாள்: "பதுக்கச் செஞ்சா மதி, மைனி. எனக்கு ஒரு திரக்கும் இல்ல." மெதுவாகவே போடு, அவசரமில்லை என்கிறாள்.

தவில்காரர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைத் தளர்த்தினார். மேளம் இறங்கியது. அந்த அமைதியை என்னால் தாங்கியிருக்க முடியாது. அப்போது மேடைக்குக் கீழிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"நிறுத்தாதியும் வே! இன்னும் ஒரு முடிச்சு கெடக்கு. அடியும்!"

இவர்தான். கையை ஓங்கிக்கொண்டு தவில்காரரின் மூக்குக்கு நேரே நின்றார். மேளம் மறுபடியும் ஏறியது. எவ்வளவு நேரம் அடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலாவது தடவை சரடு வளையத்துக்குள் புகுந்தது. இழுத்தேன். இறுகியது.

மேடையிலிருந்து இறங்க நாலு படி. கூட்டம் போட்டோவுக்கு முண்டியடித்தது. அவர் கீழே வந்து கையை நீட்டினார். நான் இறங்காமல் நின்றேன்.

"மானம் போயிரும்னுதானே மேளத்த அடிக்கச் சொன்னீங்கோ?"

"மொதல்ல அதுக்குத்தான்," என்றார். பொய் சொல்லிச் சமாளிக்கத் தெரியாத மனுஷன். "பொறவு உன் மொகத்தப் பாத்தேன்."

"பதினாறு மாசமா இதே மொகத்தோடதான் அடுப்படில நிக்கேன். அங்க தெரியலியா? நானூறு பேரு நடுவுல வச்சுத்தான் தெரியணுமா?"

அவர் ஒரு படி மேலே ஏறினார். என் கையைப் பிடித்தார். படி இறங்கும்போது எப்போதும் முழங்கையைத்தான் பிடிப்பார். இன்று விரல்களையே பிடித்துவிட்டார். எனக்கு உயிர் போனது. அவர் சட்டென்று பிடியைத் தளர்த்தினார், ஆனால் விடவில்லை. ஒரு விரலின் கணுவில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு அடுத்த விரல். அதற்கடுத்தது.

"சுடுதே, வடிவு," என்றார்.

"ஆமா."

"காய்ச்சல் மாதிரி சுடுகு. எல்லா விரலும்."

"தெனமும் காலைல சுடும்."

பின்னால் வந்தவர்கள் வழி கேட்டார்கள். அவர் நகரவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, இன்னும் நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்ற ஆத்திரமும் வந்தது. கேட்டிருப்பேன். அவர் இரண்டு கையாலும் என் கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். பதினாறு மாதத்தில் இந்த விரல்களை டாக்டரைத் தவிர வேறொருவர் தொட்டுப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.