சக்கின் நடுவில் ஒரு துளை

ஜெயவேல் சுத்தியை ஓங்கியபோதுதான் டேவிட்ராஜ் கத்தினார்.

"ஸ்தோத்திரம்!"

பட்டறை மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் குரலில் அப்படியொரு கோபம். ஜெயவேலின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஃப்ளோரன்ஸ் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு மாதங்களுக்கு முன் வந்த பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுப்போயிருந்தது. பசித்தாலும் ஸ்தோத்திரம், முதுகு அரித்தாலும் ஸ்தோத்திரம். சர்ச்சில் எல்லோரும் அதை விசுவாசத்துக்குச் சாட்சி என்றார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் எரிச்சல்தான் வந்தது. எதற்காக ஸ்தோத்திரம்?

விசைத்தறிகளுக்கும் ரைஸ்மில்களுக்கும் உதிரிபாகம் செய்துகொடுக்கும் பட்டறை. பதினைந்து வருடம் அவர் பக்கத்தில் நின்று அளவெடுத்தும் அரம் போட்டும் பழகியவள், இப்போது தனியாக நடத்தினாள். பழைய டிரில் மெஷினின் அடிப்பாகம் விரிசல் விட்டதால் வேலூரிலிருந்து வேறொன்று வாங்கி வந்திருந்தாள். அதில் துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கு இல்லை. பழைய சக்கு இருந்தது. டேவிட்ராஜ் சென்னையில் கடை கடையாக ஏறித் தேடி வாங்கியது. மயிரிழை ஆட்டம் கிடையாது. ஆனால் அதன் முதுகில் செருகியிருந்த ஆர்பர், கூம்பாக ஒடுங்கும் அந்த இரும்புத் தண்டு, புது மெஷினுக்குச் சேராது. அதைக் கழற்றியாக வேண்டும். இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறியும் அது அசையவில்லை. திங்கட்கிழமைக்குள் லோகநாதனின் தறிகளுக்கு அறுபது இரும்புப் பட்டைகளில் துளை போட்டுத் தர வேண்டும். 'பொம்பள செய்யுமா' என்று பலர் ஒதுங்கியபோது அவளை நம்பி வந்த முதல் வேலை அது.

"பக்கவாட்டுல நாலு தட்டு தட்டுனா வந்துடும்க்கா," என்றான் ஜெயவேல். பக்கத்துக் கடையில் தறி மெக்கானிக்.

"ஸ்தோத்திரம்!" டேவிட்ராஜ் இடது கையை நீட்டினார்.

அவள் சக்கை அவர் மடியில் வைத்தாள். தொடைகளுக்கு நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, இடது கையால் சாவி போட்டுத் திருகினார். பிட்டைக் கவ்வும் மூன்று பற்களும் முழுக்க விரிந்து உள்ளே போயின. நடுக்குழிக்குள் விரலை விட்டு, அடியைத் தொட்டு, விரலைச் சுழற்றிக் காட்டினார்.

"இன்னாக்கா, நல்ல சக்குல ஓட்டை போடச் சொல்றாரா?" ஜெயவேல் குரலைத் தாழ்த்தினான். "தப்பா நெனைக்காதக்கா. அண்ணன் சொல்றத நம்பிகினு இருந்தா இருக்கறதும் பூடும்."

அவளும் அதைத்தான் நினைத்தாள். பேச்சுதான் போயிருக்கிறது, புத்தி இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் போன வாரம் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டவரும் இவர்தானே? ஏழு மாதமாக அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள், வாய் துடைத்துவிட்டாள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசினாள். எதையும் அவரிடம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"என்னாங்க, நடுவுல ஓட்டை போடணுமா?"

"ஸ்தோத்திரம்," என்று தலையாட்டினார். நிதானமான குரல்.

"ஆர்பர் தட்டுற வரைக்குமா?"

தலையாட்டினார்.

"பல்லுக்கு ஒண்ணும் ஆவாதே?"

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். பதினைந்து வருடம் அவள் பார்த்துப் பழகிய பார்வை. பொறுமை இழந்த மேஸ்திரியின் பார்வை.

மரக்கட்டை அண்டை கொடுத்துச் சக்கை வைஸில் இறுக்கினாள். ஆறு எம்.எம். பிட் போட்ட கை டிரில்லை எடுத்தாள். ஜெயவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பயந்த அளவுக்கு அந்த இரும்பு கடினமாக இல்லை. சுருள் சுருளாக வந்தது. திடீரென்று பிட் வெற்றிடத்தில் இறங்கியது. சக்குக்கும் ஆர்பர் முனைக்கும் நடுவே ஓர் இடைவெளி. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இந்தத் துளை வழியாகக் கம்பியை இறக்கி அடித்தால் அடி ஆர்பரின் மேல் மட்டும் விழும். பற்களைத் தீண்டாது.

ஒரு குழாய்த் துண்டின் மேல் சக்கை மல்லாக்க நிறுத்தினாள். ஆர்பர் குழாய்க்குள் தொங்கியது. அடியில் சாக்கு. கம்பியை இறக்கி ஒரு அடி. ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு அடி. 'ணக்' என்று கழன்று ஆர்பர் சாக்கின் மேல் விழுந்தது.

"அண்ணே!" ஜெயவேல் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "கூறு கெட்டவண்ணே நானு. மன்னிச்சுக்க."

டேவிட்ராஜ் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் விரிந்தது. ஃப்ளோரன்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆண்டவரே, இவர் உள்ளேயே இருந்திருக்கிறார். இத்தனை நாளும் இங்கேயே. அவரிடம் கேட்க வேண்டியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. லேத் பெல்ட் ஏன் நழுவுகிறது, மகளை எந்த காலேஜில் சேர்ப்பது, கை வலிக்கிறதா, ராத்திரியில் பயமாக இருக்கிறதா.

அவர் சக்கை மடியில் வாங்கிக்கொண்டு, பனியன் துணியால் அதன் உட்புறத்தைத் துடைத்து, துளை நேராக விழுந்திருக்கிறதா என்று தெருப் பக்கம் உயர்த்திப் பார்த்தார். பிறகு அவளைக் கூப்பிட்டார். அவள் குனிந்து, அவர் கன்னத்தோடு கன்னம் ஒட்ட, கண்ணை வைத்தாள். மிளகளவு வெளிச்சத்துக்குள் வேலூர் பஸ் ஒன்று சிவப்பாக நகர்ந்துகொண்டிருந்தது.