கண்வலிப்பூவுக்குத் துணை

கண்வலிப்பூ தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஒரு பூவின் மகரந்தத்தைக் கிள்ளி இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைக்க வேண்டும். மூட்டுவலி மருந்துக்குப் போகிற விதை அப்படித்தான் கிடைக்கும். புருஷன் இறந்த பிறகு மூன்று வருஷமாக வளர்மதி தன் அரை ஏக்கர் காட்டின் பூக்களைத் தனியாகவே தொட்டு வந்தாள். பிள்ளை இல்லை. பக்கத்துக் காட்டில் ஓரகத்தி, புருஷனின் அண்ணன் மனைவி, செல்வம்மாள் இருந்தாள். கருமாதி முடிந்த வாரமே வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோனது. சில நாள் வளர்மதி வாய் திறந்து சொல்வது பஸ் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரை மட்டுந்தான்.

பூப்பு உச்சத்தில் இருக்கும்போது காய்ச்சல் வந்து அரியலூர் ஆஸ்பத்திரியில் படுத்தாள். நாலு நாள். பக்கத்துக் கட்டில்காரிக்குச் சோறு கொண்டு வர ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, வாடிப்போகும் பூக்களையே நினைத்துக் கொண்டிருந்தாள்.

வீடு திரும்பியதும் நேரே காட்டுக்குப் போனாள். கொடி நெடுக பச்சைப் பிஞ்சுகள் திரண்டிருந்தன. கடைசி வரிசை வரை ஒன்று விடாமல் யாரோ தொட்டிருந்தார்கள்.

களை எடுக்க வந்த கண்ணகியைக் கேட்டாள்.

"செல்வம்மா அக்காதான். நாலு நாளும் விடிஞ்சதும் வந்துட்டாங்க. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க."

வளர்மதி வரப்போரம் போய் நின்றாள். செல்வம்மாள் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"என்னா?" நிமிரவில்லை.

"காய் புடிச்சிருக்கு."

"புடிக்கும். ஒனக்காவ செய்யல. கொழுந்தன் நட்ட கெழங்குல வந்த கொடி. வீணாப் போவக்கூடாதுன்னு வந்தேன்."

சுருக்கென்றது. ஆனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு புருஷனைப் பற்றி இன்னொரு வாய் பேசிக் கேட்டதில் வளர்மதி வரப்பை ஒட்டி இன்னும் ஓரடி நெருங்கினாள்.

"இன்னும் பத்து இருவது நாள் பூக்கும்க்கா. காலையில வாங்களேன்."

செல்வம்மாள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் வளர்மதி பிளாஸ்க்கில் டீயும் இரண்டு டம்ளரும் கொண்டு போனாள். வரப்பு தெரிகிற வரிசையிலிருந்தே பூத் தொடத் தொடங்கினாள். வெயில் ஏறியது. பதினோரு மணி வரை யாரும் வரவில்லை. ஒரு டம்ளர் டீயைக் குடித்தாள். வரப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆறிப்போகுமே என்று மற்றதையும் ஊற்றிக் குடித்தாள்.