பயந்தேன் என்றால் போதும்

என் அண்ணன் வெர்டெல் பெட்வேயைச் சுட்டுக் கொன்றவன் அன்று மாலை தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மளிகைக் கடை வாசலில் கார் நிறுத்தும் இடத்துக்காக வந்த வாய்த்தகராறு. அண்ணனுக்குக் குரல் பெரிது, ஆனால் கையில் ஒன்றும் இல்லை. லோனி ஹட்சின்ஸ் தன் காருக்குள்தான் இருந்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். சுட்டான். "உயிருக்குப் பயந்துட்டேன்" என்று போலீசிடம் சொன்னான். பயந்தவன் ஒதுங்கிப் போக வேண்டியதில்லை, சுடலாம் என்பது எங்கள் ஃப்ளோரிடாவின் சட்டம். அவன் கையில் விலங்குகூட ஏறவில்லை.

அரசு வக்கீல் அண்ணி நாடினைக் கூப்பிட்டுப் பேசினார்.

"அவர் பயப்படலைன்னு நாங்கதாம்மா நிரூபிக்கணும். ஒருத்தர் மனசுக்குள்ள பூந்து பார்க்க முடியுமா?"

"என் புருஷன் பயந்தாரான்னு யாராவது கேட்டீங்களா?"

அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். காரில் ஏறிய பிறகுதான் அழுதாள்.

சில மாதங்களில் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சங்கம் நடத்திய விருந்து ஒன்றில் ஹட்சின்ஸுக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். அதோடு அவர்கள் அடங்கவில்லை. சண்டையை ஆரம்பித்தவனே சுட்டாலும் தப்பிக்கலாம் என்று புதிய மசோதா ஒன்று மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் வந்தது. அதை விசாரிக்கும் குழுவில் எங்கள் தொகுதி செனட்டர் ஸ்ட்ரிக்லண்டும் இருந்தார். அண்ணனின் அடக்கத்துக்கு வந்து, அண்ணியின் கையைப் பிடித்து, "என்ன வேணும்னாலும் கூப்பிடும்மா" என்றவர்.

அண்ணி தன் சலூனைப் பூட்டினாள். நான் கார் ஓட்டினேன். குழுவின் முன் பேச டல்லஹாசி போய்ச் சேர்ந்தோம்.

சங்கத்தின் சார்பில் கோல்க்விட் என்ற பெண்மணி பேசினார். வேண்டிய மட்டும் பேசினார். செனட்டர்களின் பேரக்குழந்தைகளைப் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். எங்களைப் போன்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு நிமிடம். அண்ணி அண்ணனின் பெயரைச் சொல்லி, கடை வாசல் வரைக்கும் வந்தபோது மைக் அணைந்துவிட்டது.

"முடிஞ்சுது மேடம்" என்றான் காவலாளி.

"உங்களுக்கு முடிஞ்சுது. எனக்கில்ல."

மைக் இல்லாமலே மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். வாக்கெடுப்பு தொடங்கியிருந்தது. ஒவ்வொரு செனட்டரும் வாயைத் திறக்குமுன் முன்வரிசையில் இருந்த கோல்க்விட்டின் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அண்ணி நேராகப் போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இது எங்க ஆளுங்க உட்கார்ற இடம்" என்றார் கோல்க்விட்.

"பேர் எழுதியிருக்கா?"

"கொஞ்சம் பின்னாடி போய் உட்காருங்களேன், ப்ளீஸ்."

"நான் ஏன் ஒதுங்கிப் போகணும்? ஒதுங்க வேண்டியதில்லைன்னு சட்டம் போட்டவங்களே நீங்கதானே?"

அறையின் பின்பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். காவலாளி குழுத் தலைவரைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று கையசைத்தார்.

ஸ்ட்ரிக்லண்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல் முன்வரிசையைப் பார்த்தவர் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "ஆதரவு" என்று முனகினார்.

"சத்தமா சொல்லுங்க சார், கேட்கலை" என்றாள் எழுத்தர்.

"எனக்குக் கேட்டுச்சு" என்றாள் அண்ணி.

மசோதா குழுவைத் தாண்டியது. தாழ்வாரத்தில் ஸ்ட்ரிக்லண்ட் எங்கள் பின்னால் ஓடிவந்தார்.

"நாடின், நான் சொல்றதக் கேளும்மா. இவங்கள எதிர்த்தா அடுத்த தேர்தல்ல எனக்கு எதிரா ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவாங்க. நான் காலி."

"அப்போ நீங்களும் பயந்துட்டீங்க."

"அப்படி இல்லம்மா..."

"லோனியும் அதத்தான் சொன்னான். அவன விட்டாங்க. உங்கள நான் விடறதா இல்ல. உங்களுக்கு எதிரா ஆள நிறுத்த அவங்க எதுக்கு? நான் நிக்கிறேன்."

வெறும் கோபத்தில் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். திரும்பும் வழியில், "அண்ணி, தலைக்குச் சாயம் பூசறவளுக்கு யாரு ஓட்டுப் போடுவா?" என்று கேட்டேன்.

"இந்தத் தொகுதில பாதித் தலை என் கையில குனிஞ்சிருக்கு. வண்டிய ஓட்டு."

அடுத்த வாரங்களில் சலூன் வாடிக்கையாளர்களும், துப்பாக்கிக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களும் தலைநகருக்குப் போய்வந்தார்கள். முன்வரிசையில் அவர்கள் உட்காராத நாளே இல்லை. அந்த வருடம் மசோதா முழுச் சபைக்கு வராமலே நின்றுபோனது. அடுத்த வருடம் மறுபடி கொண்டுவருவோம் என்று கோல்க்விட் டிவியில் சொன்னார். பழைய சட்டம் அப்படியே இருக்கிறது. ஹட்சின்ஸும் வெளியில்தான் இருக்கிறான்.

அண்ணி இப்போது வேட்பாளர். நேற்று ஏரிக்கரைப் பக்கம் வீடு வீடாகப் போனோம். நாய்கள் குரைக்கும் ஒரு வீட்டில், இடுப்பில் துப்பாக்கியோடு பெரிய உருவம் ஒன்று கதவைத் திறந்தது. நான் இரண்டு படி இறங்கிவிட்டேன்.

"என்ன வேணும்?" என்றார் அவர்.

"உங்க ஓட்டு" என்றாள் அண்ணி. "ஏன் வேணும்னு சொல்ல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். உள்ள வரலாமா?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு நாய்களை அதட்டிவிட்டு, கதவை அகலத் திறந்தார்.